என் தம்பியை நான் மன்னித்த விதம்

கஞ்சி போட்ட காலர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரை மணி நேரத்தில் கழுத்து சிவந்து தடித்துவிடும். முப்பது வருடமாகச் சலவை நிலையம் நடத்துகிற ஆள் இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். நேற்று மாற்றிக்கொள்ள நீங்கள் தந்த சட்டையில் கஞ்சி இல்லை. அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா.

உங்கள் பேனா கசிகிறது. சட்டைக் கையில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. மைக்கறை சோப்புக்கு மசியாது, காய்வதற்குள் பாலில் ஊறவைக்க வேண்டும். பரவாயில்லை. உங்கள் எழுத்தர் அந்தப் பேனாவை மேஜையில் தூக்கிப்போட்ட விதத்தையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. யார் என்ன செய்தாலும் மன்னித்துவிடுவது என் சுபாவம். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைப் புரிந்துகொள்ள உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் சலவை நிலையம் அப்பா ஆரம்பித்தது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள், ஓட்டல் துண்டுகள், சமையல்காரர்களின் வெள்ளை அங்கிகள் எல்லாம் எங்களிடம்தான் வரும். கீழே சலவைக்கூடம், அதன் பின்னால் பாய்லர் அறை. முதல் மாடியில் தம்பி குடும்பம்: அவன், அவன் மனைவி, ஒன்பது வயது மகள். இரண்டாம் மாடியில் நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாரையும் காயப்படுத்தாமல் வாழ வேண்டும் என்று நினைக்கிறவனுக்குக் கல்யாணம் சரிப்படாது.

வியாழக்கிழமை மாலை சபை மண்டபத்தில் ஜெபக்கூட்டம் நடக்கும். இருபது பேர் வருவோம். எங்கள் போதகர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு எதையும் செய்து காட்டச் சொல்லும் பழக்கம் உண்டு. அன்பு, மன்னிப்பு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சங்கதி இல்லை, அன்றாடம் நடக்க வேண்டியது என்று சொல்லி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். அந்த வாரம் யாரை மன்னித்தோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். எல்லோருடைய மனதையும் அதிகம் தொட்ட சாட்சியைச் சொன்னவர், போதகருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து முடிவு ஜெபத்தை நடத்தலாம். பரிசு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மற்றதெல்லாம் மடக்கு நாற்காலிகள்.

அந்த நாற்காலியில் தொடர்ந்து பதினொரு வாரம் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தார். தையற்கார அக்கா. அவருடைய மகனை ஒரு லாரி அடித்துப்போட்டது. அவர் அந்த டிரைவரை மன்னித்து, மாதம் ஒருமுறை சிறைக்குப் போய்ப் பார்த்து, அவனுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கைப்பகுதி முடிந்தது என்பார், ஒரு வாரம் கழுத்துப்பகுதி முடிந்தது என்பார். எல்லோரும் அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன். அவர் துக்கத்தைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். ஆனால் மன்னிப்பதற்கு அப்படி ஒன்று ஒருவருக்கு அமைந்துவிட்டால் மன்னிப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. அவருக்கு ஒரு லாரி கிடைத்தது.

எனக்கு என்ன கிடைத்தது? ஓட்டல் மேனேஜர் வெள்ளைத் துண்டில் ஷூ துடைத்து அனுப்பினார், மன்னித்தேன். மருத்துவமனை ஆயா விரிப்புக்குள் ஊசியைச் சுருட்டி அனுப்பினாள், மன்னித்தேன். எதிர்வீட்டு நாய் எங்கள் கொடிக்குக் கீழே வந்து செய்துவிட்டுப் போவதை மன்னித்தபோது பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர்களை அடுத்த வாரம் மன்னித்தேன். அதற்கும் சிரித்தார்கள். ஐம்பத்தாறு வயதில் எனக்குச் சொல்லிக்கொள்ளும்படியான துரோகம் ஒன்றைக்கூட யாரும் செய்யவில்லை. அவ்வளவு அன்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதை இறக்கிவைக்க இடமில்லாமல் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

அதன் பிறகுதான் என் கை வெந்தது.

தம்பிதான் பாய்லரைப் பார்த்துக்கொள்வான். தினமும் ஆறு மணிக்குப் பற்றவைப்பான். உள்ளே நீர்மட்டம் காட்டும் தண்ணீர்க் கண்ணாடி, அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு, நீராவி வடிகிற குழாயின் திருகு என்று நான்கையும் சோதித்து, கதவில் ஒட்டியிருக்கும் தாளில் நான்கு கட்டத்திலும் டிக் போட வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் யாரும் அந்த வரிசையில் செய்வதில்லை. சோதித்து முடிக்கும்போது கையெல்லாம் எண்ணெயும் கரியும் ஈரமும் ஆகிவிடும், தாள் பாழாகும். அதனால் கை சுத்தமாக இருக்கும்போதே, உள்ளே நுழைந்ததும் நான்கு டிக்கையும் போட்டுவிட்டு அப்புறம் சோதிப்பார்கள். அப்பாவும் அப்படித்தான். தம்பியும் அப்படித்தான். டீ கிளாஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி சரக் சரக்கென்று நான்கு கோடு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வடிகுழாய்த் திருகு திறந்திருந்தது. அந்தப் பக்கம் போன என் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீராவி அடித்தது. தாளில் நான்காவது கட்டத்தில் டிக் இருந்தது. தம்பி ஓடிவந்து அந்தத் தாளைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். திருகை மூடினேனா இல்லையா என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. தினமும் செய்கிற வேலை யாருக்குத்தான் தனித்தனியாக ஞாபகம் இருக்கும்?

"அண்ணா, நான்தான்... நான் பாக்கலண்ணா. டிக் போட்டுட்டேன், ஆனா பாத்தேனான்னு தெரியல" என்று தரையில் உட்கார்ந்து அழுதான்.

"அழாதடா" என்றேன். "நான் உன்ன மன்னிச்சிட்டேன்."

சொன்னபோது கையில் வலியே தெரியவில்லை. அவ்வளவு தூய்மையான ஒரு நிமிடம் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். திருகைத் திறந்தது நான். அவன் சோதித்து, மூடி, வெளியே போன பிறகு திறந்தேன். கையை எவ்வளவு தூரத்தில் நீட்டுவது என்று முந்தின வாரமே யோசித்து வைத்திருந்தேன். அளவு கொஞ்சம் தப்பிவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காயம் பட்டது எனக்கு. அந்த நாளில் நான் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை.

அந்த வியாழக்கிழமை கட்டுப்போட்ட கையுடன் எழுந்து நின்றேன். பெயர் சொல்லக்கூடாது என்பது கூட்டத்தின் விதி. நான் சொல்லவில்லை. "என் கூடப்பிறந்த ஒருவர்" என்று மட்டும் சொன்னேன். எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு ஆள், அவன் கடைசி வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தையற்கார அக்காவே எழுந்து வந்து என் தலையில் கைவைத்தார். கைவைத்த நாற்காலி நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது.

காயம் ஆறிவிடும் என்பதுதான் சிக்கல். ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். அன்றிலிருந்து நான் அரைக்கைச் சட்டைதான். ஆனாலும் மக்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு தடவை மன்னித்தால் அதை ஒரு தடவைதான் சொல்ல முடியும். அப்போதுதான் அன்றாடம் என்று போதகர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. தினமும் காலையில் கீழே இறங்கி, தம்பி வீட்டு மேஜையில் டீ குடிக்க உட்காரும்போது, அவன் முதல் வாய் குடிப்பதற்கு முன், கையை மேஜைமேல் வைத்து, "தம்பி, இன்னைக்கும் உன்ன மன்னிச்சிட்டேன்" என்பேன். அன்பாகத்தான் சொல்வேன். ஒருநாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை.

அவன் மகள் குழந்தைத்தனமாக அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். நான் வாசலில் தலைகாட்டியதும், "பெரியப்பா, அப்பாவ மன்னிச்சாச்சா? நான் டீ எடுத்துட்டு வரவா?" என்பாள். அவள் அம்மா ஒருநாள் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அந்தக் கோபத்தையும் நான் பெரிதுபடுத்தவில்லை.

தம்பி இளைத்தான். பாட்டு நின்றுபோயிற்று. டிக் போடுவதற்கு முன் நான்கையும் சோதித்தான், போட்ட பிறகு ஒரு தடவை சோதித்தான், ஏழு மணிக்கு மறுபடி வந்து, எந்தச் சலவைக்காரனும் செய்யாத இன்னொரு சோதனை. தண்ணீர்க் கண்ணாடிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்ப்பான். தாளெல்லாம் எண்ணெய்க் கறை. ஒருநாள் வேறு ஊரில் வேலை தேடிப் போகலாமென்று இருக்கிறேன் என்றான்.

"எங்கடா போவ? நடந்தது தெரிஞ்சா உன்ன நம்பி யாரு பாய்லரக் குடுப்பா? நான் இருக்கேன்ல, மன்னிச்சுக் கூட வச்சிருக்கேன்ல" என்றேன். அவன் போகவில்லை.

தம்பி மனைவி மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். "மாமா, உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன், தெனமும் சொல்லாதீங்க. ஒரு தடவ மன்னிச்சா பத்தாதா? அவர் சாப்பிட்டு எத்தன நாளாச்சு தெரியுமா? இப்படியே போனா அவர் எனக்கு மிஞ்ச மாட்டாரு மாமா."

"அன்ப எல்லாம் அளந்தாம்மா குடுக்க முடியும்?" என்று கேட்டேன்.

பதின்மூன்று மாதம் இப்படிப் போயிற்று. என் வாழ்க்கையில் நான் நிறைவாக இருந்த காலம் அதுதான். பிறகு இஸ்திரி அக்கா வேலையை விட்டார்.

எங்களிடம் இருபது வருடம் தேய்த்தவர் அவர். மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். எல்லோருமாகச் சேர்ந்து அவருக்கு ஒரு போர்வை வாங்கிக் கொடுத்தோம். போகிற அன்று தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் சீக்கிரமே வேலைக்கு வந்திருக்கிறார், துணிமூட்டைகளுக்குப் பின்னால் நின்றிருக்கிறார், நான் திருகைத் திறந்ததைப் பார்த்திருக்கிறார். வேலை போய்விடும் என்ற பயத்தில் பதின்மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. ஒரு பாவத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு இவ்வளவு நாள் மறைத்து வைத்த மனதை என்னவென்று சொல்ல? அவரையும் மன்னித்தேன்.

தம்பி காயப்போடும் அறைக்கு வந்தான். வரிசையாக விரிப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நடுவில் இருந்த விரிப்பை விலக்கிக்கொண்டு என் எதிரே வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் அடித்திருந்தால் அன்றோடு எல்லாம் சரியாகிப் போயிருக்கும்.

"அக்கா சொல்லிட்டாங்கண்ணா" என்றான்.

நான் கொடியில் இருந்த கிளிப்பைச் சரிசெய்தேன்.

"எனக்கு ரெண்டு நாளா ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அப்புறம் போயிருச்சு. நீ என்ன நெனச்சு செஞ்சியோ. கை வெந்தது உனக்குத்தானே. விடு. நான் உன்ன மன்னிச்சிட்டேன்ணா." தழும்பு இருந்த கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவகிட்டக்கூடச் சொல்லல."

"வியாழக்கிழமை கூட்டத்துல?" என்று கேட்டேன்.

"அங்க எதுக்குண்ணா? இது நமக்குள்ள." விரிப்பை மறுபடி இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை அவன் பாடினான். நான் படியில் இறங்கும்போதே கேட்டது. மேஜையில் இரண்டு பங்கு சாப்பிட்டான். மகள், "பெரியப்பா, இன்னும் மன்னிக்கலையா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏளனம் இல்லை, மிரட்டல் இல்லை. சும்மா பார்த்தான், என் பக்கம் டீயை நகர்த்தி வைத்தான். எனக்குச் சொல்ல வரவில்லை. அந்த டீயைக் குடித்துவிட்டுச் சலவைக்கூடத்துக்குப் போய் நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீராவி பட்ட அன்றுகூட அப்படி எரியவில்லை. நான் அவனை வெறுத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை, வாக்குமூலத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும்.

ஒன்பது நாள் இப்படி. ஒன்பது நாளும் அவன் பாட்டு, அவன் பார்வை, நகர்த்தி வைத்த டீ. ஒருநாளாவது சொல்லிக்காட்டுவான் என்று காத்திருந்தேன். என்னைப் பார்க்காத நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன், அப்போதும் அதே முகம்தான். நான் கோபப்படவில்லை, யோசித்தேன், ஜெபித்தேன். அப்போதுதான் அவனிடம் உள்ள குறை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கூட்டத்தில் சொல்லப்படுகிற மன்னிப்பால் இருபது பேர் பயனடைகிறார்கள், ஆண்டவருக்கு மகிமை சேர்கிறது. யாருக்கும் தெரியாமல் மன்னிக்கிறவன் அதைத் தனக்கே வைத்துக்கொள்கிறான். அது சுயநலம். அகங்காரம் என்றுகூடச் சொல்லலாம். அவன் ஆத்துமாவை நினைத்து நான் மிகவும் கவலைப்பட்டேன்.

பத்தாம் நாள் காலை அவன் பாய்லரைப் பற்றவைத்து, நான்கையும் சோதித்து, டிக் போட்டு, மறுபடி சோதித்துவிட்டு, டீ குடிக்க மேலே போனான். நான் போய் ஒரு கோட் மாட்டும் ஹேங்கரின் கம்பியை நிமிர்த்தி, அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் பாதுகாப்பு வால்வு திறக்க முடியாதபடி கட்டினேன். நெருப்பையும் கூட்டிவைத்தேன். மற்ற ஆட்கள் ஏழரைக்குத்தான் வருவார்கள், அதை நான் கவனத்தில் வைத்திருந்தேன். எனக்கு யார்மீதும் பகை கிடையாது. பிறகு என் அறைக்குப் போய் முழங்காலில் நின்று அவனுக்காக ஜெபித்தேன். ஏழு மணிக்கு அவனுடைய அந்த இன்னொரு சோதனைக்கு அவன் போவான் என்று எனக்குத் தெரியும். மற்ற சலவைக்காரர்கள் மாதிரி ஆறு மணிச் சோதனையோடு நிறுத்திக்கொள்கிற ஆளாக அவன் இருந்திருந்தால் இன்று உயிரோடு இருப்பான். முகத்தைக் கண்ணாடிக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறான்.

சத்தம் கேட்டபோது நான் இன்னும் ஜெபத்தை முடிக்கவில்லை. முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அடக்கத்துக்கு வந்த இஸ்திரி அக்கா தம்பி மனைவியிடம் சொன்னதும், உங்கள் ஆட்கள் வால்வில் கம்பியைக் கண்டதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் எதையும் மறுக்கவில்லை. என் தம்பியைக் கொன்றது நான். காரணத்தையும் மேலே எழுதியிருக்கிறேன். நீங்கள் நினைப்பதுபோலக் கைவைத்த நாற்காலிக்காகவோ பொறாமையினாலோ அல்ல. அன்பினால் செய்தது.

நேற்று மத்தியானம் தம்பி மனைவியை உள்ளே அனுப்பினீர்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். மகளை அழைத்து வரவில்லை. கண்ணீர்கூட இல்லை.

"அவர் உங்கள மன்னிச்சிருக்காருன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள். "அந்த ஒம்பது நாள் அவர் பாடுனதப் பாத்து, என்னமோ நல்லது நடந்திருக்குன்னு சந்தோஷப்பட்டேன். நான் அவர் இல்ல. நான் சாகற வரைக்கும் உங்கள மன்னிக்க மாட்டேன்."

இவ்வளவுதான் சொன்னாள், போய்விட்டாள். ஒரு விசுவாசியின் வாயில் வருகிற வார்த்தையா அது? துக்கத்தில் இருக்கிற ஒரு பெரியவரிடம், கணவனின் அண்ணனிடம், மன்னிக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். என் வாழ்நாளில் இவ்வளவு ஆழமாக யாரும் என்னைப் புண்படுத்தியதில்லை. ஆனால் அவள் வாசலைத் தாண்டுவதற்குள் என் உடம்பின் எரிச்சலெல்லாம் அடங்கிவிட்டது. பதினைந்து நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு சின்ன வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. நான் அவளை முழு மனதோடு மன்னித்துவிட்டேன், இது அவளுக்குத் தெரிய வேண்டும். இங்கிருந்து என்னால் போக முடியாது. அதனால் உங்கள் ஆட்களில் யாராவது ஒருவர் தினமும் காலையில், அவள் முதல் வாய் டீ குடிப்பதற்கு முன், போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.